மத்தியான மணியும் சாயங்கால மணியும்

கீரனூர்,
3.8.2025

மதிப்பிற்குரிய இன்னாசிமுத்து சார்,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துவிடுங்கள். வீடு அடங்கிய பிறகுதான் எனக்குக் கை ஓய்கிறது. எழுத்து எங்காவது கோணிக்கொண்டு போயிருந்தால் அதற்குத் தூக்கம்தான் காரணம், மரியாதைக் குறைவு இல்லை.

என் பெயர் ஹரிணி. உங்களுக்கு என்னைத் தெரியாது. போன வாரம் உங்கள் வீட்டு எண்ணுக்குப் பேசினேன். உங்கள் மனைவி எடுத்தார். "அவருக்கு போன்ல பேசுனா காது கேக்காதும்மா. செல்லுல எழுதி அனுப்புனாலும் தொட மாட்டாரு. லெட்டர் போடு, அதுன்னா ஒக்காந்து படிப்பாரு" என்றார். தபால் உறை வாங்கி வரச் சொன்னபோது என் கணவர் திருமுருகன், யாருக்குக் காதல் கடிதம் என்று கேட்டார். அறுபது வயதுக்காரருக்கு என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். 1993-இல் நீங்களும் உங்கள் நண்பர்களும் 'சரளை' என்ற பெயரில் ஒரு ராக் கேசட் போட்டீர்கள். நான் திருச்சியில் விஸ்காம் படித்தபோதும் அந்தப் பாட்டுகள் எங்கள் செல்போன்களில் சுற்றிக்கொண்டிருந்தன. நம் பக்கத்துப் பேச்சை வைத்துக்கொண்டு, எலக்ட்ரிக் கித்தாரோடு ஒருத்தர் இப்படிக் கத்த முடியும் என்று எனக்குத் தெரியவந்தது உங்களால்தான். "கேட்டு மூடியாச்சு, ரயிலு வரல, நிக்கிறோம் நிக்கிறோம், எறங்கத் தெரியல." விடுதி மொட்டை மாடியில் நாங்கள் இதைப் பாடி வார்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஓர் ஒலிப்பதிவு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். தனித்தனியாகப் பதிவான குரல், கித்தார், டிரம்ஸ் எல்லாவற்றையும், எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று பார்த்து ஒன்றாகக் கலக்கிற வேலை. அந்த நிறுவனம் இப்போது பழைய தமிழ் ராக் கேசட்டுகளை மறுபடி கலந்து வெளியிடுகிறது. உங்கள் கித்தார்க்காரர் ரெங்கராஜ் சாரின் தங்கை மூல டேப்புகளைக் கொடுத்துவிட்டார். நிறுவனத்தை நடத்தும் வனிதா மேடம், நான் இந்தப் பக்கத்துப் பெண் என்பதால் வீட்டிலிருந்தே இதைச் செய்யச் சொல்லியிருக்கிறார். தீபாவளிக்கு வெளியிட வேண்டும், செப்டம்பர் கடைசிக்குள் உங்கள் சம்மதம் வேண்டும். அவர்கள் அனுப்பிய கடிதங்களை நீங்கள் பிரிக்காமலே திருப்பி அனுப்பியதாகச் சொன்னார். அதனால்தான் நான் எழுதுகிறேன். சம்மதப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு எட்டு மாதம். யாரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை. அத்தை நல்லவர், கணவர் நல்லவர். ஆனால் அவள் பிறந்த பிறகு தடுப்பூசிக்குத் தவிர நான் தெருவைத் தாண்டவில்லை. இந்த வேலை கை நழுவினால், இன்னொன்று என்னைத் தேடிக்கொண்டு கீரனூருக்கு வராது. அந்தப் பயத்தோடுதான் கேட்கிறேன்.

அன்புடன்,
ஹரிணி


ஆவூர்,
9.8.2025

திருமதி ஹரிணி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து நேராகத்தான் இருக்கிறது. என் பதிலும் நேராகத்தான் இருக்கும். முடியாது.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பையன் நூறு மீட்டர் ஓடி முடித்துவிட்டான் என்றால் முடித்துவிட்டான். முப்பது வருஷம் கழித்து மைதானத்தைச் சமப்படுத்தி, அவன் காலில் நல்ல ஷூவை மாட்டி, "இப்பப் பாருங்க எப்படி ஓடியிருக்கான்னு" என்று காட்டினால் அது அவன் ஓட்டமா, உங்கள் ஓட்டமா? எங்கள் டிரம்ஸ் தகர டப்பா மாதிரிக் கேட்கும். கேட்கட்டும். எங்களிடம் இருந்தது அந்த டப்பாதான். அதைப் பிடித்துப்போய்க் கேட்டவர்கள் டப்பாவோடுதான் கேட்டார்கள். வெளிநாட்டில் பெரிய பெரிய குழுக்களின் பழைய ரெக்கார்டுகளை எல்லாம் இப்படிப் பிரித்து மேய்ந்து, ஐந்தாவது தடவை, ஆறாவது தடவை என்று விற்கிறார்களாமே. என் மச்சான் மகன் சொல்கிறான். விற்கட்டும். அவர்களுக்கு ஊர் பெரிது.

நீங்கள் மறைக்காமல் எழுதியதால் நானும் எழுதுகிறேன். நீங்கள் மொட்டை மாடியில் பாடினீர்களே, அந்தப் பாட்டுதான் என் தொண்டையைப் பிடித்தது. கேசட் வந்து சில மாதங்களிலேயே ரெங்கராஜ் சவூதிக்கு, தம்மாமுக்கு வேலைக்குப் போய்விட்டான். பிறகு அங்கேயே செத்தும் போனான். அவன் போனதும் மற்றவர்களும் கலைந்தார்கள், அவர்களுக்குப் பதிலாகத் திருச்சியிலிருந்து புதுப் பையன்கள் வந்தார்கள். கேசட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டு, அச்சு அசலாக வாசிக்கக் கற்றுக்கொண்டு வந்தார்கள். எங்கள் மாதா கோயில் திருவிழா மேடை. கூட்டம் "கேட்டு, கேட்டு" என்று கத்துகிறது. பாடினேன். "நிக்கிறோம்" என்று மேலே போகிற இடத்தில் குரல் கிழிந்தது. திரும்ப எடுத்தேன், திரும்பக் கிழிந்தது. கீழே இருந்து ஒருவன் சொன்னான், "அண்ணே, கேசட்டப் போட்டுவிட்டுட்டு வாய மட்டும் அசைங்கண்ணே." மேடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அப்புறம் மாத்தூரில் ஒரு தடவை, மணப்பாறையில் ஒரு தடவை. அதே இடம், அதே கிழிசல். ஒரு நாளைக்கு மட்டும் எனக்கு வாய்த்த தொண்டை அது, மறுநாள் என்னை விட்டுப் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். பாட்டை நிறுத்திவிட்டு விசிலை எடுத்தேன். விசிலுக்குச் சுருதி பிசகாது.

கேசட்டில் இருக்கிறவனோடு நான் போட்டி போட்டுத் தோற்றவன். அவனைக் கழுவித் துடைத்து, இன்னும் சத்தமாக ஊருக்குள் விடாதீர்கள்.

உங்கள் படிவம் என் மேசையில் இருக்கிறது. கிழிக்கவில்லை. குழந்தைக்கு ஆசி.

ச. இன்னாசிமுத்து


கீரனூர்,
15.8.2025

அன்புள்ள இன்னாசிமுத்து சார்,

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். மேடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள் என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றுவிட்டேன்.

மைதானத்தைச் சமப்படுத்துவது பற்றிக் கேட்டீர்கள். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். பழைய டிரம்ஸை எடுத்துவிட்டுப் புது டிரம்ஸ் வைப்பார்கள். கை தவறிய இடத்தை எல்லாம் கடிகாரத்துக்குப் பொருத்துவார்கள். எனக்கும் அது பிடிக்காது. ஆனால் உங்கள் கேசட் வேறு மாதிரி, சார். மூலத்தில் இருப்பது கேசட்டில் இல்லை. 'சந்தைக்கிழமை' பாட்டில் ரெங்கராஜ் சார் ஒரு கித்தார் வாசித்திருக்கிறார், குரலுக்குப் பின்னால், மழை ஓடு மேல் விழுகிற மாதிரி. விற்ற கேசட்டில் அது காணவே காணோம். யாரோ அவசரத்தில் கலந்து, அவர் வாசித்ததைப் புதைத்துவிட்டார்கள். அதைத் தோண்டி எடுப்பது அவருக்குப் புது ஷூ மாட்டுவது ஆகாது. அவர் ஓடியதையே பார்க்காமல் விட்டோமே, அதைப் பார்ப்பது.

எப்படி வேலை செய்கிறேன் என்றும் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ஹெட்போனை ஒரு காதில் மட்டும்தான் வைக்கிறேன். மற்றக் காது பாப்பாவுக்கு. தொட்டிலில் அவள் மூச்சு கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுந்துபோய்த் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிடுகிறேன். ஒரு தடவை இரண்டு காதிலும் வைத்திருந்தபோது அவள் அழுதது கேட்கவில்லை. அத்தை வந்து தூக்கிக்கொண்டார். திட்டவில்லை. "புள்ள தொண்டை வத்த அழுகுது, நீ பாட்டுக்குக் காதப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருக்க" என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து ஒற்றைக் காதுதான். என் கணவர் காலையில் வேலைக்குத் திருச்சி பஸ் ஏறினால் இரவுதான் வருவார். பகல் முழுக்க நான் எந்தச் சத்தத்துக்குப் பின்னாலும் வேறொரு சத்தத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மிக்சி ஓடினால் மிக்சிக்குப் பின்னால், குக்கர் கத்தினால் குக்கருக்குப் பின்னால்.

உங்கள் பாட்டையும் அப்படித்தான் கேட்டேன். குரல் மட்டும் இருக்கிற தடத்தைத் தனியாகப் போட்டேன். முதல் பாட்டு முடிகிற இடத்தில், உங்களுக்குப் பின்னால் தூரத்தில் ஒரு கோயில் மணி. கடைசிப் பாட்டான 'கேட்டு' நடுவிலும் ஒரு மணி. இரண்டும் ஒரே சத்தம் இல்லை. இரண்டாவது மணி கொஞ்சம் மேல் சுருதியில் இருக்கிறது.

உங்கள் ஊர்க் கோயிலில் அப்போது இரண்டு மணி இருந்ததா, சார்? கோயிலுக்குப் பக்கத்தில்தான் பதிவு செய்தீர்களா? ரெக்கார்டர் எதில் ஓடியது, கரண்டிலா?

பதில் எழுதுங்கள். சம்மதத்துக்காக இல்லை, இதற்காகவாவது.

ஹரிணி


ஆவூர்,
21.8.2025

அன்புள்ள ஹரிணிக்கு,

என் கடைசி மகளை விட நீ சின்னவளாக இருப்பாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

இரண்டு மணியா? என் காதுதான் போய்விட்டதென்றால் உனக்குமா என்று நினைத்தேன். இருந்தாலும் மனசு கேட்காமல் கோயில்பிள்ளையிடம் போய்க் கேட்டேன். மணியடிக்கிற குடும்பம், அவன் அப்பன் காலத்திலிருந்தே. "ஒரே மணிதான் வாத்தியாரே, எங்கப்பாரு அடிச்சதும் அதுதான், நான் அடிக்கிறதும் அதுதான். எதுக்குக் கேக்குறீங்க, திருட வந்தீங்களா?" என்றான். சந்தேகத்துக்கு என்னை மேலேயே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். மூட்டுவலியோடு ஏறினேன். ஒன்றுதான் தொங்குகிறது.

பதிவு செய்தது கோயிலுக்குப் பின்னால், பழைய நெல் குடோனில். சுவர் கனமாக இருந்ததால் அங்கே போனோம். திருச்சி ஆர்கெஸ்ட்ரா ஒன்றிடமிருந்து நான்கு தடம் பதிகிற ரெக்கார்டரை ரெங்கராஜ் ஒரே ஒரு நாளைக்கு வாங்கி வந்திருந்தான். வந்து இறங்குகிறோம், ஊரில் கரண்ட் இல்லை. முதல் நாள் காற்றுமழைக்குக் கம்பம் சாய்ந்து கிடந்தது. மறுநாள் ரெக்கார்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரெங்கராஜ் என்ன செய்தான் தெரியுமா? மாமாவின் லாரியிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டான். மாமா தூங்கிக்கொண்டிருந்தார். ரெக்கார்டரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரு பல்பும் அதில்தான் ஓடின. காலையில் ஆரம்பித்தோம். முதல் பாட்டு முடியும்போது மத்தியான மணி அடித்தது, ரெங்கராஜ் கெட்ட வார்த்தை சொன்னான், அதுவும் டேப்பில் இருக்கும், பார். 'கேட்டு' பாடும்போது சாயங்கால மணி. பல்பு மங்கி மங்கி ஆரஞ்சுப் பழம் மாதிரி ஆகிவிட்டது. "பேட்டரி சாகப் போவுது, ஒரே டேக்குல முடிச்சிருடா" என்றான். முடித்தேன். அவன் என்னைக் கட்டிக்கொண்டான், வியர்வையோடு. வெளியே வந்தால் மாமா லாரி பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

இதையெல்லாம் நான் யாருக்கும் சொல்லி வருஷக்கணக்காகிறது. எழுதிக்கொண்டே இருந்தால் என் மனைவி பிலோமினா எட்டிப் பார்த்து, "லெட்டரா, நாவலா?" என்கிறாள். உன் கடிதங்களை அவளும் படித்தாள். படித்துவிட்டு என்னை ஒரு பிடி பிடித்தாள். "அந்தப் புள்ள வேலைக்காகக் கேக்குது. ஒங்க தொண்டைக்குத் துக்கம் கொண்டாடுறதுக்கு அது ஏன் வீட்டுக்குள்ள கெடக்கணும்?" என்றாள். அப்போதே பேனாவை எடுத்தேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ரெங்கராஜின் கித்தாரைத் தோண்டி எடு. ஒரே நிபந்தனை. கடைசிப் பாட்டில் என் குரலை இன்னும் தூக்கிவிடாதே. எனக்கு ரெங்கராஜ் கேட்டால் போதும்.

அந்த மணிக் கதை என்ன என்று எழுது.

இன்னாசிமுத்து


கீரனூர்,
28.8.2025

அன்புள்ள இன்னாசிமுத்து சார்,

படிவம் கிடைத்தது. இன்னும் அதைச் சென்னைக்கு அனுப்பவில்லை. கையில் வைத்துக்கொண்டு ஐந்து நாளாகத் தவிக்கிறேன். அனுப்பிவிட்டால் வேலை என்னுடையது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இருக்க முடியவில்லை.

மணிக் கதையைக் கேட்டீர்கள். ஒரே மணி, ஒரே ஊர், ஒரே நாள். மத்தியானம் ஒரு சத்தம், சாயங்காலம் அதற்கு மேலே ஒரு சத்தம். மணி மாறாது. மாறியது ரெக்கார்டர். பேட்டரி சாகச் சாக, உள்ளே டேப்பை இழுக்கிற மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகச் சுற்றிப் பதிந்ததை, நல்ல கரண்டில் சரியான வேகத்தில் போட்டால் எல்லாமே வேகமாக ஓடும், எல்லாமே மேலே போய்விடும். மணியும், கித்தாரும், குரலும்.

சார், 'கேட்டு' பாட்டில் நீங்கள் அவ்வளவு மேலே பாடவில்லை. யாரும் அன்று அப்படிப் பாடவில்லை. மத்தியான மணியும் சாயங்கால மணியும் ஒன்றாகும் வரைக்கும் கம்ப்யூட்டரில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய அரைச் சுரம் கீழே வந்துவிட்டது. திருச்சிப் பையன்கள் கேசட்டைக் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்தார்கள் என்று எழுதினீர்களே, அவர்கள் அந்த ஏறிப்போன சுருதியில் கற்றுக்கொண்டு வந்து, அந்த வேகத்தில் வாசித்து, உங்களை அதில் பாடச் சொல்லியிருக்கிறார்கள். ரெங்கராஜ் சார் கூட இருந்திருந்தால் கித்தாரை முதல் தடவை மீட்டும்போதே கண்டுபிடித்திருப்பார். உங்கள் தொண்டை எங்கேயும் போகவில்லை. நீங்கள் போட்டி போட்டது ஒரு லாரி பேட்டரியோடு.

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

சரியான வேகத்தில் உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்று சொல்லவா? கனமாக இருக்கிறது. கத்தல் மாதிரி இல்லை, நின்று நின்று கால் வலித்தவர் பேசுகிற மாதிரி இருக்கிறது. இத்தனை வருஷமாக அந்தப் பாட்டு எனக்குக் கோபமாகத்தான் கேட்டது. இப்போதுதான் அதில் இருப்பது அலுப்பு என்று தெரிகிறது. ஹெட்போன் கம்பி கழன்று, சத்தம் வெளியே வந்துவிட்டது. அத்தை முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "யாரு இது, நம்ம பக்கத்து ஆளு மாதிரி இருக்கு. பாவம், என்னமோ மாட்டிக்கிட்டான் போல" என்றார். அவர் இந்த மாதிரிப் பாட்டெல்லாம் கேட்கிறவர் இல்லை.

பழைய தொகுப்புகளை மறுபடி கலக்கலாமா கூடாதா என்று நாம் சண்டை போட்டோம். இந்த ஒரு பாட்டைப் பொறுத்தவரை கலக்காமல் விடுவதுதான் தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இது உங்கள் வாழ்க்கை. நீங்கள் சொல்லாமல் நான் ஒன்றும் செய்ய மாட்டேன்.

கோபம் இருந்தால் கோபமாகவே எழுதுங்கள்.

ஹரிணி


கீரனூர்,
7.9.2025

அன்புள்ள சார்,

கடிதம் வந்து சேர்ந்ததா என்று கேட்க உங்கள் வீட்டு எண்ணுக்குப் பேசினேன். பிலோமினா அம்மா எடுத்தார். "வந்துச்சு, படிச்சாரு" என்றார். பாப்பா பின்னால் அழுததைக் கேட்டு, "போய்ப் புள்ளயப் பாரும்மா" என்று வைத்துவிட்டார்.

நான் எழுதாமல் இருந்திருக்க வேண்டுமா? பாலூட்டும்போது, துணி மடிக்கும்போது, எந்நேரமும் இதேதான் ஓடுகிறது. உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையோ என்று வேறு பயமாக இருக்கிறது. ஒரு வரி எழுதுங்கள். திட்டி ஒரு வரி போதும்.

ஹரிணி


ஆவூர்,
10.9.2025

ஹரிணிக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

கையெழுத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். யார் உன்னை மணியை எல்லாம் கேட்கச் சொன்னது? சென்னையில் பெரிய பெரிய மெஷின் வைத்திருக்கிறவனுக்குக் கேட்காதது, ஒற்றைக் காதோடு தொட்டில் ஆட்டுகிற உனக்குக் கேட்க வேண்டுமா?

நீ நல்ல செய்தி சொல்வதாக நினைத்து எழுதியிருக்கிறாய். உனக்குப் புரியாது. குரல் போய்விட்டது என்பதோடு நான் இருந்துவிட்டேன். அது ஒரு மாதிரி பழகிவிட்டது. கை போனவன், கால் போனவன் எல்லாம் இருக்கிறானே, அப்படி. ஆண்டவர் ஒரு நாள் கொடுத்தார், எடுத்துக்கொண்டார், யார் மேலும் குறை இல்லை. இப்போது நீ வந்து, அது போகவே இல்லை என்கிறாய். அப்படியானால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? காலையில் மைதானத்தில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தபோதெல்லாம் அது என்னிடமே இருந்ததா? இழந்தவனாக இருக்க எனக்குத் தெரியும். இழக்காமலே விட்டவனாக எப்படி இருப்பது என்று எனக்கு யாராவது சொல்லிக் கொடுங்கள்.

பிலோமினா உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு, "நான் அப்பவே சொன்னேன், வீட்டுல பாடுனா நல்லாத்தான இருக்கு, மேடையில ஏன் அப்படிப் போவுதுன்னு. நீங்க எம்பேச்சக் கேட்டீங்களா?" என்றாள். சொன்னாள்தான். கேசட்டைக் கேட்டவன், பெண்டாட்டி பேச்சைக் கேட்கவில்லை.

என் முடிவு இதுதான். உன் கம்பெனி கேட்கிறபடியே போடு. பழைய வேகத்தில், பழைய சுருதியில். ஊர் கேசட்டில் இருக்கிறவனைத்தான் கேட்டது, அவனையே கேட்கட்டும். அதற்குத்தான் கையெழுத்து. சரியான வேகத்தில் வெளியிடுவதாக இருந்தால் படிவத்தைக் கிழித்துப்போடு. உனக்கும் இது வசதிதான், வேலை கிடைத்துவிடும்.

இன்னாசிமுத்து

பி.கு.: நீ குறைத்து வைத்திருக்கிறாயே, அதை ஒரு கேசட்டில் போட்டு அனுப்ப முடியுமா? வெளியிட இல்லை. காது மெஷின் ஒன்று பீரோவில் கிடக்கிறது, மகன் வாங்கிக் கொடுத்தது. சும்மாதான் கேட்கிறேன்.


கீரனூர்,
17.9.2025

அன்புள்ள இன்னாசிமுத்து சார்,

இந்தக் கடிதத்தைப் பகலில் எழுதுகிறேன். பாப்பா என் மடியில் தூங்குகிறாள், அசைய முடியாது. அதனால் எழுத்து இன்றைக்கும் கோணல்தான்.

எனக்குப் புரியாது என்று எழுதியிருந்தீர்கள். போன மாதம் என்றால் புரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை திருமுருகன் வீட்டில் இருந்தார். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் முகத்தைத் தொங்கப் போட்டிருந்ததைப் பார்த்து, "பாப்பாவயும் அம்மாவயும் நான் அங்கிட்டு சித்தி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டு நிம்மதியா வேலையப் பாரு. கதவச் சாத்திக்க" என்றார். இத்தனை மாதமாக இதற்குத்தான் ஏங்கினேன். வீட்டில் யாரும் இல்லை. கதவைச் சாத்தினேன். இரண்டு காதிலும் வைத்தேன். ஒரு பாட்டு முழுதாகக் கேட்கவில்லை, சார். எங்கோ அவள் அழுகிறாள், எனக்கு மட்டும் கேட்கவில்லை என்றே தோன்றியது. கழற்றி வைத்துவிட்டு, அவர்கள் வரும் வரைக்கும் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வந்தவர் அவளை என் கையில் கொடுத்தார். பாப்பா சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதுவரைக்கும் வீடு விடமாட்டேன் என்கிறது, அதனால் என்னால் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. கதவு சாத்தியிருந்தால் அதைத் திட்டிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். திறந்திருக்கிற கதவுக்கு முன்னால்தான் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீங்கள் எழுதியதும் இதைத்தானே?

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். திங்கள்கிழமை வனிதா மேடத்திடம் பேசினேன். பேட்டரி, மணி எல்லாம் சொன்னேன். அவர் ஆச்சரியமாகக் கேட்டார். ஆனால், "ஹரிணி, ஜனங்க மனசுல இருக்கிறது கேசட்டுல உள்ள குரல்தான். மெதுவாக்கிப் போட்டா, டேப் கெட்டுப்போச்சுன்னு சொல்லுவாங்க. பழைய வேகத்துலயே இருக்கட்டும், குரல மட்டும் இன்னும் பளிச்சுன்னு பண்ணு" என்றார். அப்படியென்றால் நான் செய்யவில்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்பது எனக்கே உறைத்தது. நான் செய்யாவிட்டால் சென்னையிலேயே வேறொருவர் செய்வாராம். படிவத்தை மட்டும் அனுப்பிவிடு என்றார். வைப்பதற்கு முன்னால் ஒன்று சொன்னார். பாடியவரே சரியான வேகம்தான் வேண்டும் என்று கைப்பட எழுதிக் கொடுத்தால் யோசிப்பாராம். யோசிப்பேன் என்றார், செய்வேன் என்று சொல்லவில்லை.

அத்தையிடமும் திருமுருகனிடமும் வேலை போய்விட்டது என்று இன்னும் சொல்லவில்லை.

இதை உங்கள் தலையில் ஏற்றுவதற்காக எழுதவில்லை. இல்லை, பொய் எதற்கு, கொஞ்சம் ஏற்றுவதற்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் எனக்காக நீங்கள் பழைய வேகத்துக்குச் சம்மதிக்க வேண்டாம். அது எனக்கு வசதி என்று எழுதியிருந்தீர்கள். இல்லை. சாயங்கால மணியைக் கேட்ட பிறகு என்னால் அந்தப் பாட்டை அந்த வேகத்தில் தொட முடியாது.

நீங்கள் கேட்ட கேசட்டை அனுப்பவில்லை. இங்கே கேசட்டில் பதிகிற இயந்திரம் இல்லை என்பது ஒரு காரணம். நீங்கள் அதைத் தனியாகக் கேட்க வேண்டாம் என்பது இன்னொன்று. நானே எடுத்துக்கொண்டு வரலாம் என்று வீட்டில் கேட்டேன். "புள்ளைக்குச் சளி. மாத்தூருல எறங்கி இன்னொரு பஸ் மாத்தணும். அடுத்த மாசம் பாத்துக்கலாமே" என்றார் அத்தை. அடுத்த மாதம் என்பது இந்த வீட்டில் இல்லை என்பதன் மரியாதையான சொல். அவரை எதிர்த்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். பாப்பாவின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன், சளி இரைந்தது. கிளம்பவில்லை.

அதனால் நீங்கள் வாருங்கள், சார். காது மெஷினைப் பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஸ்பீக்கரை மேசை மேல் வைத்து, உங்களுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகப் போடுகிறேன். தெரு கேட்டாலும் பரவாயில்லை. படிவம் என் கைப்பெட்டியில் இருக்கிறது. கேட்டு முடித்த பிறகு அதை உங்கள் கையிலேயே கொடுக்கிறேன். சரியான வேகம் என்று எழுதிக் கொடுப்பதோ, கிழித்துப்போடுவதோ, பழையபடியே அனுப்பச் சொல்வதோ, உங்கள் குரலைக் கேட்டுவிட்டு நீங்களே செய்யுங்கள். கேட்காமல் செய்யாதீர்கள்.

செப்டம்பர் கடைசி வரைக்கும்தான் மேடம் காத்திருப்பார். பஸ் ஸ்டாண்டுக்குத் திருமுருகனை அனுப்புகிறேன். எந்தக் கிழமை வருவீர்கள் என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

ஹரிணி